தேய்பிறைக்குக் காத்திருந்த பீப்பாய்

சனிக்கிழமை தவறாமல் பகல் பதினொரு மணிக்கு ஜெல்மோவை ஒருமுறை முட்டாளாக்குவார்கள். அத்திலியோ குடும்பத்து ஒயின் கிடங்கில், பெரிய பீப்பாய்க்கு முன்னால் விருந்தாளிகளை நிறுத்தி வைத்து, கழுத்தில் பட்டுத்துணி கட்டிய ஒரு பெண் கதை சொல்வாள். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இங்கே ஜெல்மோ என்று ஒரு கிடங்கு ஆள் இருந்தானாம். எசமான் வீட்டுக் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த இனிப்பு ஒயினை அடியோடு மறந்துபோனானாம். அது பொங்கிப் பொங்கிச் சர்க்கரையெல்லாம் தீர்ந்து கசந்துவிட்டதாம். அந்த மறதியில் பிறந்ததுதான் இப்போது உங்கள் கையில் இருக்கிற எங்கள் வீட்டுக் கசப்பு ஒயின் அமரோனே என்று அவள் முடிக்கும்போது எல்லாரும் சிரிப்பார்கள். வெரோனாவை ஒட்டிய இந்தப் பள்ளத்தாக்கில் பாதிக் கிடங்குகளில் இப்படி ஒரு மறதிக்காரன் கதை உண்டு. விலை ஏற ஏறக் கதையும் வளரும்.

சுவருக்கு இந்தப் பக்கம் சமையலறையில் செலிந்தா குதிரைக்கறியைக் கிளறிக்கொண்டே அந்தச் சிரிப்பைக் கேட்பாள். ஜெல்மோ அவள் புருஷன். அவன் எதையும் மறக்கவில்லை என்பது உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். எழுபத்தேழு வயதில் அவளிடம் மிச்சமிருந்த சொத்தும் அது ஒன்றுதான்.

1951இல் அவளுக்கு இருபத்தேழு வயது. ஜெல்மோவும் அவளும் இரண்டு பெண் குழந்தைகளும் எசமான் அத்திலியோவின் நிலத்தில் வாரத்துக்குப் பாடுபட்ட குடும்பம். விளைச்சலில் பாதி அவருக்கு, குடியிருக்கும் வீடு முழுவதும் அவருக்கு. போதாததற்கு ஜெல்மோ அவருடைய கிடங்கையும் பார்த்துக்கொண்டான். இலையுதிர்காலத்தில் நல்ல குலைகளாகப் பார்த்துப் பறித்து, பரணில் நாணல் தட்டுகளில் பரப்பி, தை மாதம் வரை வாடவிடுவார்கள். பனிமூட்டம் வந்தால் ஜன்னலை அடைக்க வேண்டும். காற்று வறண்டால் திறக்க வேண்டும். அழுகின பழத்தை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்க வேண்டும். வற்றிச் சுருங்கிய பழத்தைப் பிழிந்தால் தேன் போலச் சாறு வரும். அதில் ஆகும் இனிப்பு ஒயின்தான் ரெச்சோத்தோ. கல்யாணத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் சர்க்கரை பூசிய பாதாமோடு அதைத்தான் வைப்பார்கள். அந்த வருஷத்துப் பெரிய பீப்பாய் எசமானின் மகள் கல்யாணத்துக்கு என்று பிழியும்போதே பேசி வைத்தது.

இனிப்பைக் காப்பாற்றுவதுதான் அதில் கஷ்டம். குளிர் விட்டால் பீப்பாய்க்குள் மறுபடி பொங்க ஆரம்பிக்கும். வண்டலை அடியில் விட்டுவிட்டுத் தெளிந்ததை வேறு பீப்பாய்க்கு மாற்றினால் அடங்கும். மாற்றாமல் விட்டால் இருக்கிற சர்க்கரையையெல்லாம் தின்றுவிட்டுத்தான் ஓயும். எங்கள் ஊரில் அதற்கு "ஒயின் ஓடிப்போச்சு" என்பார்கள், வீட்டை விட்டு ஓடின பெண்ணைச் சொல்கிற அதே குரலில்.

அந்த வருஷம் பிப்ரவரி கடைசியில் தெற்கிலிருந்து வெதுவெதுப்பான காற்று அடித்தது. ஜெல்மோ பீப்பாயில் காதை வைத்துப் பார்த்தான். உள்ளே முணுமுணுப்பு கேட்டது. உடனே எசமானிடம் போய், இன்றைக்கே மாற்றிவிடலாம் என்றான். எசமான் சுவரில் மாட்டியிருந்த பஞ்சாங்கத்தைப் பார்த்தார். வளர்பிறை, மூன்றாம் நாள். வளர்பிறையில் பீப்பாயைத் தொட்டால் ஒயின் கலங்கும் என்பது அவர் அப்பா காலத்துச் சட்டம்; ஊரில் யாரும் மீறமாட்டார்கள். ஜெல்மோவும் அதை நம்பியவன்தான். ஆனால் அவன் காது அன்றைக்கு வேறு சொல்லிற்று. மூன்று நாள் கழித்து மறுபடி போனான். மறுபடி பஞ்சாங்கம். "தேய்பிறை வரட்டும்டா. நிலாவை விட உனக்குத் தெரியுமா?" என்று எசமான் கேட்டார். நிலாவை விடத் தனக்குத் தெரியும் என்று எந்த வாரக்குடி சொல்வான்?

ஜெல்மோ ஒவ்வொரு நாளும் பீப்பாயில் காதை வைத்துவிட்டு வந்து, சோளக்களியைத் தின்றுவிட்டுப் படுத்தான். தேய்பிறை பிறந்த அன்று முணுமுணுப்பு நின்றிருந்தது. ஒரு வாய் எடுத்துப் பார்த்தான். சர்க்கரை போன இடம் தெரியவில்லை. எசமானிடம் சொன்னபோது, புது ஒயின் அப்படித்தான் இருக்கும், வைத்தால் சரியாகும் என்று சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போனார்.

கசந்தது எங்கே இனிக்கும்? செப்டம்பரில் வெரோனாவிலிருந்து சம்பந்தி வந்தார். ஒயின் வியாபாரி, மூக்கு நீளமும் பேச்சு கம்மியுமான மனுஷன். எசமான் பெருமையோடு பீப்பாயின் அடைப்பானைத் திறந்து அவருக்கு ஒரு கிண்ணம் கொடுத்தார். தானும் ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினார். சம்பந்தி முகத்தைப் பார்த்ததும் அவருக்குக் காது வரை சிவந்தது. பக்கத்தில் நின்ற ஜெல்மோவைக் காட்டி, இந்தத் தடியன் மாற்ற மறந்துவிட்டான் என்றார். சம்பந்திக்கு முன்னால் நிலாவையும் பஞ்சாங்கத்தையும் சொல்லிக்கொள்ள அவருக்கு வெட்கம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். சான் மர்த்தீன் நாளுக்குள் வீட்டைக் காலி பண்ணு என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

நவம்பர் பதினொன்று சான் மர்த்தீன். வாரக்குடிகளின் வருஷக் கணக்கு முடிகிற நாள். எசமானுக்குப் பிடிக்காத குடும்பங்கள் அன்றைக்குத்தான் கட்டில், கோழிக்கூண்டு, கிழவன், குழந்தை எல்லாவற்றையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த எசமானைத் தேடிப் போவார்கள். மறதிக்காரன் என்று பேர் வாங்கின கிடங்கு ஆளை எந்த எசமான் சேர்ப்பான்? சம்பந்தி வந்துபோன அன்று ராத்திரியே செலிந்தா ஜெல்மோவைப் பிடித்து உலுக்கினாள்.

"நீ ஏன் வாயைத் தொறக்கல? நீங்கதான் மாத்த வேணாம்னீங்கன்னு சொல்ல வேண்டியதுதான?"

"சம்பந்தி முன்னாலயா? சொன்னா சான் மர்த்தீன் வரைக்கும்கூட விட்டுவைக்க மாட்டாரு."

"விட்டுவச்சு என்ன வாரிக் கொடுத்தாரு?"

அவன் ஒரு குடத்தை மேஜைமேல் வைத்தான். அந்த ஓடிப்போன ஒயின். வினிகர் ஆகட்டும், வேலையாட்கள் வேண்டுமானால் குடித்துத் தொலையட்டும் என்று எசமான் சொல்லிவிட்டாராம்.

செலிந்தா கோபத்தோடுதான் ஒரு வாய் குடித்தாள். பச்சை வாதுமைத் தோலை மென்றதுபோல நாக்கு இழுத்துக்கொண்டது. தொண்டையைச் சுட்டுக்கொண்டு இறங்கிற்று. வாயை மாற்ற, களிக்குத் தொட்டுக்கொள்ள வைத்திருந்த பழைய மலைச் சீஸில் ஒரு துண்டு கடித்துக்கொண்டு மறுபடி குடித்தாள். இரண்டாவது வாய் வேறு ஒயின். கசப்பு அங்கேயேதான் இருந்தது, ஆனால் சீஸின் உப்பும் கொழுப்பும் அதற்குக் குனிந்து வழிவிட்டன. அவள் அப்படியே உட்கார்ந்து யோசித்தாள். ஒயினில் குற்றமில்லை. இதைக் கொண்டுபோய்ப் பாதாம் பக்கத்தில் உட்கார வைத்ததுதான் குற்றம்.

குதிரைக்கறிக் குழம்பு, எங்கள் பேச்சில் பஸ்திசாதா, எல்லா வீட்டிலும் ஆக்குவதுதான். மெலிந்த சிவப்பு ஒயினில் ஊறப்போடுவார்கள். செலிந்தா இந்தக் கசப்பில் மூன்று நாள் ஊறவைத்தாள். வெங்காயம், கிராம்பு, பட்டை, ஜாதிக்காய். பிறகு ஒரு பகல் முழுக்கச் சின்னத் தீயில் வைத்தாள். கரண்டி பட்டால் கறி பிரிந்து வந்தது, குழம்பு கறுத்து மினுங்கியது. குதிரைக்கறியில் ஒரு அசட்டு இனிப்பு உண்டே, அது கசப்பைத் தேடிக்கொண்டே இருந்ததுபோலச் சேர்ந்துகொண்டது. பக்கத்தில் அதே ஒயினை ஊற்றி ஜெல்மோவிடம் நீட்டினாள். அவன் குடிக்கவில்லை. வயிறு சரியில்லை என்றான். கறியை மட்டும் தின்றான்.

அக்டோபரில் கல்யாண விருந்துக்கு எப்போதும் போலச் செலிந்தாவைத்தான் சமைக்கக் கூப்பிட்டார்கள். வீட்டைக் காலி பண்ணச் சொன்னவர்கள் கரண்டியைக் காலி பண்ணச் சொல்லவில்லை. கறி ஊறவைக்கக் கொஞ்சம் கெட்டுப்போன ஒயின் வேண்டும் என்று கேட்டாள். எடுத்துக்கொள் என்றார் எசமான். கறி மேஜைக்குப் போகும் நேரம் ஜெல்மோவின் கையில் குடத்தைக் கொடுத்து, எல்லாருக்கும் இதையே ஊற்று, கேட்டால் எசமான் சொன்னார் என்று சொல் என்றாள். இதில்தான் அவள் குடும்பத்தையே பணயம் வைத்தாள். விருந்தாளிகளுக்குப் பிடித்தால் ஒயின் பிழைக்கும். ஒயின் பிழைத்தால் ஜெல்மோவும் பிழைப்பான் என்பது அவள் கணக்கு.

கிண்ணத்தைப் பார்த்ததும் எசமான் முகம் வெளுத்தது. அதற்குள் சம்பந்தி குடித்துவிட்டார். ஒரு வாய் கறி, ஒரு வாய் ஒயின், மறுபடி கறி. மேஜை முழுக்க அவர் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இது பாதாமுக்குப் பொறந்த ஒயின் இல்ல. கறிக்குப் பொறந்தது," என்றார் சம்பந்தி. "அன்னிக்கு நான் குடிச்சது இதுதான? எப்படி இப்படி ஆச்சுன்னீங்க?"

எசமான் ஒரு கணம்தான் யோசித்தார். "எங்க ஆளு ஒருத்தன் பீப்பாயை மறந்து தொலைச்சான்."

"அப்ப அவன் மறதிக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்துங்க."

மேஜையே சிரித்தது. மணப்பெண்ணும் சிரித்தாள். ஜெல்மோ கையில் குடத்தோடு சுவரோரம் நின்றான். வாசலில் செலிந்தா குழம்புச் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிரிக்கிறார்கள், பிடித்துவிட்டது, பிழைத்துவிட்டோம் என்றுதான் அப்போது நினைத்தாள். அந்த நினைப்புக்காகப் பிற்பாடு தன்னையே எத்தனை முறை சபித்துக்கொண்டாள் என்பதற்குக் கணக்கில்லை.

மறுநாள் எசமானிடம் போனாள். சம்பந்தி பீப்பாய் முழுவதும் எடுத்துக்கொள்கிறார், வருஷா வருஷம் வேண்டும் என்கிறார் என்று எசமான் நல்ல குஷியில் இருந்தார். நீ இரு, வீடும் இருக்கட்டும், உன் கைப்பக்குவம் எங்களுக்கு வேண்டும் என்றார். ஜெல்மோ மட்டும் முடியாது.

"மறந்தவன்னு ஊருக்கே சொல்லியாச்சும்மா. மறந்தவனையே கிடங்குல வச்சிருந்தா என்னை எவன் நம்புவான்?"

"நீங்கதான எசமான் தேய்பிறை வரட்டும்னீங்க?"

"நானா? நான் சொன்னேனா?"

பொய் சொல்கிற முகமாக அது இல்லை. நிஜமாகவே நினைவுபடுத்திப் பார்த்தார், கிடைக்கவில்லை. ஒருநாள் விருந்தில் சொன்னதை அதற்குள் அவரே நம்ப ஆரம்பித்துவிட்டார். மறதிக்காரன் யார் என்று அந்த இடத்தில் கேட்டிருக்க வேண்டும். செலிந்தா கேட்கவில்லை. வீடு இருக்கிறது, குழந்தைகள் இருக்கிறார்கள் என்று வாயை மூடிக்கொண்டாள்.

ஒரே ஒரு குளிர்காலம் என்று சொல்லிக்கொண்டு ஜெல்மோ பெல்ஜியத்துக்கு, நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனான். அவன் புறப்பட்டதும் சான் மர்த்தீன் அன்றுதான். சாலையில் மற்ற குடும்பங்கள் வண்டி வண்டியாகப் போயின. இவன் மட்டும் ஒரு அட்டைப்பெட்டியோடு தனியாக ரயிலடிக்கு நடந்தான். அந்த ஒரு குளிர்காலம் பதினாலு வருஷம் நீண்டது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆகஸ்டில் வருவான். காப்பிக்கொட்டையும் சாக்லேட்டும் கொண்டுவருவான், ஒவ்வொரு தடவையும் இருமல் கொஞ்சம் அதிகமாகக் கொண்டுவருவான். நாங்களும் அங்கே வருகிறோம் என்று செலிந்தா இரண்டு தடவை எழுதினாள். இங்கே தகரக் கொட்டகை, மழை, குழந்தைகள் படிப்பு கெடும், வேண்டாம் என்று பதில் வந்தது. மூன்றாவது தடவை அவள் எழுதவில்லை. அவளுக்கும் அந்த அடுப்பு பழகிப்போயிருந்தது. ஊரில் அவளை எசமான் வீட்டு ராணி என்று கேலி பண்ணினார்கள், அவள் மறுக்கவும் இல்லை.

1965இல் ஒரேயடியாகத் திரும்பியபோது அவனால் மாடிப்படி ஏற முடியவில்லை. கிறிஸ்துமஸுக்கு எசமான் வீட்டிலிருந்து ஆளுக்கு ஒரு பாட்டில் அமரோனே வரும். செலிந்தா ஊற்றிக் கொடுத்தால், வேண்டாம் என்பான். நெஞ்சில் ஏற்கெனவே இருக்கிற கரி வண்டலையே மாற்ற வேறு பீப்பாய் இல்லை, இதில் ஒயின் வேறா என்பான். அவன் காத்துக் கெட்டுப்போன ஒயின் ஊரெல்லாம் ஓடிற்று, அவன் அதில் குடித்தது அந்தத் தேய்பிறை முதல் நாளில் எடுத்த ஒரு வாய்தான். இரண்டாவது வருஷம் மார்ச்சில், வெளியே அதே தெற்கத்திக் காற்று அடித்துக்கொண்டிருந்த மத்தியானம், படுக்கையிலிருந்து அவளைக் கூப்பிட்டான்.

"செலிந்தா, அந்தக் கல்யாணத்தன்னிக்கு நீ கறியில ஒரு கை உப்பு அள்ளிப் போட்டிருந்தேன்னு வையி. என்ன ஆயிருக்கும்?"

"என்ன ஆயிருக்கும்? நாலு பேரையும் தொரத்தி விட்டிருப்பாங்க."

"அதான் சொல்றேன். நாலு பேரும் ஒரே வண்டியில போயிருப்போம்."

விளையாட்டாகத்தான் சொன்னான், இருமலுக்கு நடுவில் சிரிக்கக்கூடச் செய்தான். அடுத்த வாரம் செத்துப்போனான். அந்த வார்த்தை அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எசமான் சொன்ன பொய்க்கு ருசி சேர்த்தவள் அவள். கறி கெட்டிருந்தால் ஒயின் வினிகராகிச் சாக்கடைக்குப் போயிருக்கும், பொய்யும் அதோடு போயிருக்கும். புருஷன் பேரை மூன்று நாள் ஊறவைத்து, பதமாக வேகவைத்து, ஊருக்குப் பரிமாறியது தன் கைதான் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. தோன்றிய பிறகும் சமைத்துக்கொண்டுதான் இருந்தாள். வேறு என்ன தெரியும் அவளுக்கு?

அத்திலியோ செத்து, பேரன் ஃப்ளாவியோ கையில் கிடங்கு வந்தது. கெட்ட பிள்ளை இல்லை. செலிந்தாவை அத்தை என்றுதான் கூப்பிடுவான், கை வலிக்குத் தைலம் வாங்கித் தருவான். விருந்தினர் சாப்பாட்டுக்கூடம் கட்டியதும் பட்டுத்துணிக் கதையை ஆரம்பித்ததும் அவன்தான். 2001இல் ஒயினுக்கு ஐம்பது வருஷம் என்று ஒரு மத்தியான விருந்து வைத்தான். பத்திரிகைக்காரர்கள், வியாபாரிகள், வெளிநாட்டார் என்று அறுபது பேர். கறி பரிமாறிய பிறகு செலிந்தாவைச் சமையலறையிலிருந்து கைபிடித்துக் கூட்டிவந்து, மறதிக்கார ஜெல்மோவின் மனைவி இவர்தான், இவர் வாயாலேயே அந்தக் கதையைக் கேட்கலாம் என்றான்.

அவள் இடுப்பில் கட்டிய சமையல் துணியில் கையைத் துடைத்தாள். ஐம்பது வருஷம் மூடியிருந்த வாய்.

"என் புருஷன் மறக்கல. ரெண்டு தடவை போய்க் கேட்டாரு. இவனோட தாத்தாதான் வளர்பிறை, தொடாதேன்னாரு. கேட்டவரு பெல்ஜியத்துச் சுரங்கத்துல நெஞ்சக் கெடுத்துக்கிட்டு வந்து செத்தாரு. சொன்னவரு பேரு பாட்டில்ல இருக்கு. அவ்வளவுதான்."

கூடத்தில் கரண்டிகள் கீழே இறங்கின. பிறகு யாரோ கைதட்ட, எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். ஃப்ளாவியோவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அத்தை, இத்தனை நாள் இதை ஏன் சொல்லவில்லை என்று கட்டிக்கொண்டான். ஒரு பத்திரிகைக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நிலா, நிலா என்று எழுதிக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் செலிந்தா நிம்மதியாகத் தூங்கினாள். மறுநாள் கல்லறைக்குப் போய், சொல்லிவிட்டேன் என்று ஜெல்மோவிடம் சத்தமாகவே சொல்லிவிட்டு வந்தாள்.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். ஏறினால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. அடுத்த வசந்தத்தில் ஃப்ளாவியோ ஒரு புது பாட்டிலை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடிவந்தான். உங்களால்தான் அத்தை, உங்களுக்குத்தான் முதல் பாட்டில் என்றான். லேபிளில் பெரிதாக ஒரு நிலா. அதன் கீழே பீப்பாயில் சாய்ந்து, தொப்பி கண்ணை மறைக்க, வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிற ஒரு மனுஷன். பின்பக்கம் நாலு மொழியில் எழுதியிருந்ததை அவன் படித்துக் காட்டினான். நிலாவுக்குக் காத்திருந்து, காத்திருந்து, தூங்கிப்போய்ப் பீப்பாயை மறந்த ஜெல்மோ.

"உன் தாத்தா சொன்னது எங்க?" என்றாள் செலிந்தா.

"அதுக்கு இடம் பத்தல, அத்தை. அதான் தாத்தா பேரு மேலயே பெருசா இருக்கே."

அவன் சந்தோஷமாகப் போய்விட்டான். விலையும் கொஞ்சம் ஏற்றியிருப்பதாகப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனான்.

அந்தச் சனிக்கிழமை பதினொரு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் பட்டுத்துணிக்காரி புதுக் கதையை ஆரம்பித்தாள். நிலாவைச் சொன்னபோது ஒருமுறை சிரித்தார்கள். தூக்கத்தைச் சொன்னபோது இன்னொரு முறை சிரித்தார்கள். செலிந்தா உப்பு ஜாடிக்குள் கையை விட்டு, ஒரு கை நிறைய அள்ளினாள். சட்டிக்கு மேலே கொண்டுபோனாள். குழம்பு கறுத்து, பதமாக, எண்ணெய் பிரிந்து நின்றது. கறி மூன்று நாள் ஊறியிருந்தது. அள்ளிய கை சட்டிக்கு மேலேயே நின்றது. போடு, போட்டுத் தொலை என்று தனக்குத்தானே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். ஐம்பது வருஷம் ஆக்கிப் பழகின கை, கறியைக் கெடுக்க ஒத்துக்கொள்ளவில்லை.

உப்பை ஜாடியிலேயே திருப்பிக் கொட்டினாள். வழக்கம்போல ஒரு சிட்டிகை மட்டும் போட்டு, ருசி பார்த்து, மேஜைக்கு அனுப்பினாள். அரை மணி கழித்துத் தட்டுகள் துடைத்த மாதிரி திரும்பி வந்தன.